கல்லூரி வாசலுக்கு முன்பே தீர்மானிக்கப்படும் பாதை

மொன்றியல் சுரங்க ரயிலின் செம்மஞ்சள் பாதையில், சென்ட் லோரன்ட் பகுதியில், 1984ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம் ஒன்றின் பெயர் து கொலேஜ். கல்லூரி நிலையம் என்பதே அதன் பொருள். அங்கிருந்து சில நிமிட நடைதூரத்தில், சென்ட் குறுவா வீதியில், இரண்டு பொதுக் கல்லூரிகள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று செஜெப் து சென்ட் லோரன்ட். 1847இல் திருச்சிலுவைச் சபைத் துறவிகள் தொடங்கிய பழைய கல்லூரியின் வழிவந்து, 1968இல் அரச கல்லூரியாக மாறிய பிரெஞ்சு மொழிக் கல்லூரி அது. மற்றையது 1970இல் தொடங்கப்பட்ட வனியர் கல்லூரி. அதன் போதனாமொழி ஆங்கிலம்.

ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழும் சென்ட் லோரன்ட்டில் பாதிக்கும் மேற்பட்டோர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். அவர்களிடையே வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டை எட்டும்போது ஒரு விவாதம் எழுவது வழக்கம். பிரெஞ்சுக் கல்லூரியா, ஆங்கிலக் கல்லூரியா? உறவினர் ஒன்று சொல்வர். ரொறன்ரோவில் இருக்கும் மாமா வேறொன்று சொல்வார். இக்கேள்வி முக்கியமானதே. ஆயினும் அது கேட்கப்படும் வேளையில், அப்பிள்ளைக்கு எந்தக் கற்கைநெறி திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பது பெருமளவுக்கு முடிவாகிவிட்டிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பதினான்கு அல்லது பதினைந்து வயதில், பாடசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு படிவத்தில் அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. அப்படிவத்தின் பொருளைப் பல பெற்றோர் அன்று அறிந்திருக்கவில்லை என்பதே இங்குள்ள உண்மையான இடர்.

கல்வியின் அருமையை ஈழத்தமிழருக்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. 1970-71 கல்வியாண்டுக்கான பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 229 புள்ளிகள் பெற்றால் போதுமாக இருக்க, தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டியிருந்தது. தரப்படுத்தல் என்ற அந்தச் சொல் ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஆறாத வடுவாக நிலைத்தது. 1983 ஜூலைக்குப் பின்னர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறியவர்களும், 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரும், அவர்களுக்குப் பின் வந்தோரும், தாம் இழந்த கல்வி தம் பிள்ளைகளுக்கேனும் கிட்டவேண்டும் என்ற வேட்கையுடனேயே இந்த மண்ணில் காலூன்றினர். இரண்டு வேலைகள் செய்து பிள்ளைகளைப் படிப்பித்த தாய் தந்தையர் இச்சமூகத்தில் எண்ணற்றோர்.

வேட்கைக்குக் குறைவில்லை. குறை இருப்பது வழி பற்றிய அறிவில்தான். இலங்கையில் படித்தவர்களுக்குத் தெரிந்த பாதை வேறு. அங்கே க.பொ.த. சாதாரணதரம், பின்னர் உயர்தரம் என இரண்டு பெரும் பரீட்சைகள் உண்டு. இடையில் ஒரு தவணை சற்றுத் தளர்ந்தாலும், உயர்தரப் பரீட்சைக்கு முன் இராப்பகலாகப் படித்து ஈடுசெய்துவிடலாம். தவறினால் மீண்டும் எழுதலாம். எல்லாம் அந்த ஒரு பரீட்சையில் தங்கியிருக்கும். கியூபெக்கில் அத்தகைய ஒற்றைப் பரீட்சை கிடையாது. சிறிய முடிவுகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து பெரிய முடிவாகின்றன. "கடைசி வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழைய நம்பிக்கை இங்கே பிள்ளையைக் கைவிட்டுவிடும்.

கியூபெக்கின் ஒழுங்கு கனடாவின் ஏனைய மாகாணங்களிலிருந்தும் வேறுபட்டது. ஆரம்பப் பாடசாலை ஆறு ஆண்டுகள். உயர்நிலைப் பள்ளி ஐந்து ஆண்டுகள். அதன்பின் நேராகப் பல்கலைக்கழகம் செல்ல முடியாது. 1960களில் பேரன் ஆணைக்குழு முன்வைத்த பரிந்துரையின் வழியே, 1967 முதல் திறக்கப்பட்ட செஜெப் எனும் கல்லூரிகளில் இரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழக முன்நெறியோ, மூன்று ஆண்டுகள் தொழில்நுட்பநெறியோ கற்கவேண்டும். அங்கே பெறும் கல்லூரிச் சான்றிதழே பல்கலைக்கழக வாயிலின் திறவுகோல். அதன்பின் பெரும்பாலான இளமாணிப் பட்டங்கள் மூன்று ஆண்டுகளில் நிறைவுறும். கியூபெக்கில் வதிவுரிமை பெற்ற முழுநேர மாணவருக்குச் செஜெப்பில் கல்விக் கட்டணம் இல்லை. சிறு பதிவுக் கட்டணங்கள் மட்டுமே உண்டு. உழைக்கும் குடும்பங்களுக்கு இது பெரும் வாய்ப்பு. மருத்துவமோ பொறியியலோ கனவு காணும் பிள்ளைக்கு, இக்கல்லூரியில் இயற்கை விஞ்ஞான நெறியில் இடம் கிடைப்பதே முதற்படி.

அந்த இடம் எங்கே தீர்மானிக்கப்படுகிறது? உயர்நிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டில் கணிதம் மூன்று பிரிவுகளாகப் பிரிகிறது. பண்பாடு, சமூகம் சார்ந்தது ஒன்று. தொழில்நுட்பம் சார்ந்தது மற்றொன்று. இயற்கை விஞ்ஞானம் சார்ந்தது மூன்றாவது. முதற்பிரிவில் சித்தியடைந்த மாணவரும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழைப் பெறுவார். மேடையேறிப் பட்டமளிப்பு விழாவில் கைதட்டலும் பெறுவார். ஆனால் கல்லூரியின் இயற்கை விஞ்ஞான நெறி ஏனைய இரு பிரிவுகளில் ஒன்றையே ஐந்தாம் ஆண்டு மட்டத்தில் எதிர்பார்க்கிறது. அதனுடன் ஐந்தாம் ஆண்டின் பௌதிகவியலும் இரசாயனவியலும் வேண்டும். அவ்விரு பாடங்களையும் எடுப்பதற்கு, நான்காம் ஆண்டில் மேலதிகமாகத் தெரிவு செய்யப்படும் சுற்றாடல் விஞ்ஞானப் பாடத்தைப் பொதுவாகப் பாடசாலைகள் கேட்கின்றன. ஆக, விஞ்ஞானக் கதவு நான்காம் ஆண்டின் தெரிவிலேயே திறக்கவோ மூடவோ செய்கிறது. அத்தெரிவு நிகழ்வது மூன்றாம் ஆண்டில்.

பிரெஞ்சு வாசிக்க இயலாத பெற்றோர், பிள்ளை நீட்டிய தாளில் கையொப்பமிட்டுக் கொடுக்கின்றனர். பிள்ளை இலகுவான கணிதத்தைத் தெரிவு செய்திருக்கலாம். நண்பர்களுடன் ஒரே வகுப்பில் இருக்க விரும்பியிருக்கலாம். எதிர்பார்ப்புக் குறைந்த ஓர் ஆசிரியரின் ஆலோசனையைக் கேட்டிருக்கலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து, "டொக்டருக்குப் படிக்கப் போகிறாயா?" என்று வீட்டில் கேட்கும்போதுதான் அக்கையொப்பத்தின் பொருள் விளங்குகிறது. தவறவிட்ட பாடங்களை வளர்ந்தோர் கல்வி நிலையத்திலோ, கல்லூரியின் ஆயத்த நெறியிலோ பின்னர் படித்துக்கொள்ள முடியும். வழி முற்றாக அடைபட்டுவிடுவதில்லை. ஆனால் அதற்கு ஓர் ஆண்டோ அதற்கு மேலோ செலவாகிறது. பலர் அந்த ஆண்டிலேயே வேலைக்குச் சென்று, திரும்பி வராமல் போய்விடுகின்றனர்.

இரண்டாவது தீர்மானம் மொழியில் நிகழ்கிறது. சென்ட் லோரன்ட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வீதியிலும் விளையாட்டு மைதானத்திலும் சரளமாகப் பிரெஞ்சு பேசுகின்றனர். அதைக் கேட்டு மகிழும் பெற்றோர், மொழி கைவந்துவிட்டதென்று கருதுகின்றனர். பேச்சு வேறு, எழுத்து வேறு. தமிழைத் தடையின்றிப் பேசும் பிள்ளை லகர, ளகர, ழகரங்களை எழுதும்போது தடுமாறுவதைக் கண்டோர், பிரெஞ்சிலும் அதுவே நிகழும் என்பதை உணரவேண்டும். காதில் விழாத ஈற்றெழுத்துகள், பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும் விகுதிகள், வினைத்திரிபுகள் ஆகியவை பேச்சில் மறைந்திருந்து எழுத்தில் வெளிப்படுகின்றன. ஐந்தாம் ஆண்டுப் பிரெஞ்சில் சித்தியடையாமல் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லை. பிரெஞ்சுச் செஜெப்பிலும், பாடங்கள் யாவற்றிலும் சித்தியடைந்த பின்னரும், பிரெஞ்சு எழுத்துப் பொதுப் பரீட்சையில் தேறாமல் கல்லூரிச் சான்றிதழ் கிடையாது.

இவ்விடத்திலேயே பல பெற்றோர் ஆங்கிலக் கல்லூரியை ஒரு தப்பும் வழியாகக் கண்டனர். 1977இல் நிறைவேற்றப்பட்ட பிரெஞ்சு மொழிச் சாசனம், அதாவது 101ஆம் இலக்கச் சட்டம், குடிவரவாளரின் பிள்ளைகளைப் பொதுவாகப் பிரெஞ்சுப் பாடசாலைக்கு அனுப்பியது. கல்லூரி மட்டத்தில் தெரிவுச் சுதந்திரத்தை அது விட்டுவைத்தது. "பள்ளிக்கூடம் முடியும்வரை பிரெஞ்சைச் சமாளி, பிறகு ஆங்கிலத்தில் படிக்கலாம்" என்பது பல வீடுகளில் எழுதாத சட்டமாயிற்று.

2022 மே மாதம் நிறைவேற்றப்பட்ட 96ஆம் இலக்கச் சட்டம் அந்நிலையை மாற்றியது. ஆங்கிலக் கல்லூரிகளின் மாணவர் தொகை, மாகாணத்தின் கல்லூரி மாணவர் மொத்தத்தில் 17.5 சதவீதத்தைத் தாண்டலாகாது என வரையறுக்கப்பட்டது. இடங்கள் போதாதபோது, ஆங்கில வழிக் கல்விக்கான தகுதிச் சான்றுடையோருக்கே முன்னுரிமை. கனடாவில் ஆரம்பக் கல்வியை ஆங்கிலத்தில் பெற்ற குடியுரிமையாளரின் பிள்ளைகள் போன்றோரே அச்சான்றைப் பெறுவர். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது பொதுவாகக் கிட்டாது. மேலும், அச்சான்று இல்லாமல் ஆங்கிலக் கல்லூரியில் சேரும் புதிய மாணவர் பிரெஞ்சில் நடத்தப்படும் மூன்று பாடங்களைக் கற்கவேண்டும். பிரெஞ்சுப் பொதுப் பரீட்சையிலும் தேறவேண்டும். எழுத்துப் பிரெஞ்சிலிருந்து தப்புவதற்காக வனியர் கல்லூரியின் வாசலில் நிற்பவருக்கு, அங்கேயும் அதே பரீட்சை காத்திருக்கிறது.

இதைக் கேட்டதும் தரப்படுத்தலை நினைவுகூரும் பெற்றோர் உள்ளனர். அந்த அச்சம் இயல்பானது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அன்று, சிறப்பாகத் தேறியவரும் அவர் பரீட்சை எழுதிய மொழியின் காரணமாகவே வெளியே தள்ளப்பட்டார். கியூபெக்கில், பிரெஞ்சு எழுதக் கற்ற தமிழ்ப் பிள்ளைக்கு வேறெவரையும் விட அதிக புள்ளி தேவைப்படுவதில்லை. அதேவேளை, புதிய சட்டத்தின் பாரம் எவர் தோளில் இறங்குகிறது என்பதையும் மறைக்கலாகாது. ஆங்கிலக் கல்லூரி வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுபவர்கள் பெரும்பாலும் குடிவரவாளரின் பிள்ளைகளே. ஒரு சமூகத்திடம் மொழியைக் கற்கும்படி கட்டளையிடும் அரசுக்கு, அதைக் கற்பிக்கும் கடமையும் உண்டு. பெற்றோருக்கான இலவசப் பிரெஞ்சு வகுப்புகளை ஒருங்கிணைக்க 2023 ஜூனில் பிரான்சிசசியோன் கெபெக் என்ற அரச சேவை தொடங்கப்பட்டது. மறு ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே, நிதி போதாமையால் பல பாடசாலை நிலையங்களில் அத்தகைய வகுப்புகள் மூடப்பட்டன. மொழியைக் கேட்பதும் வகுப்பை மூடுவதும் ஒருசேர நிற்க முடியாதவை என்பதைத் தமிழ் அமைப்புகள் ஏனைய குடிவரவுச் சமூகங்களுடன் சேர்ந்து உரத்துச் சொல்லவேண்டும்.

பிரெஞ்சுக் கல்லூரிக்குச் செல்வது தோல்வியன்று. அங்கு பெறும் சான்றிதழை மொன்றியல் பல்கலைக்கழகமும், அதனுடன் இணைந்த பொலிடெக்னிக் பொறியியற் கல்லூரியும் ஏற்பது போலவே, ஆங்கிலப் பல்கலைக்கழகங்களான மக்கில், கொன்கோர்டியா ஆகியவையும் ஏற்கின்றன. மக்கிலில் புள்ளியிடப்படும் எழுத்துப் பணிகளைப் பிரெஞ்சிலும் சமர்ப்பிக்கும் உரிமை மாணவருக்கு உண்டு. கியூபெக்கில் தாதியாகவோ, பொறியியலாளராகவோ, மருந்தாளராகவோ தொழில் புரிய விரும்புவோர் உரிய தொழிற்சங்கப் பதிவுக்குப் பிரெஞ்சு அறிவைக் காட்டவேண்டும். உயர்நிலைப் பள்ளியிலோ அதற்குப் பின்னரோ மூன்று ஆண்டுகள் முழுநேரமாகப் பிரெஞ்சில் கற்றோருக்கு அந்த அறிவு இருப்பதாகச் சட்டமே கொள்கிறது. நிறைந்த பட்டங்களுடன் இங்கு வந்து அத்தேர்வுக்காக ஆண்டுகள் செலவிட்ட பெற்றோருக்கு இதன் பெறுமதி நன்கு விளங்கும். இரு மொழிகளிலும் வலுவான பிள்ளை, இடம் கிடைத்தால், ஆங்கிலக் கல்லூரிக்குச் செல்வதிலும் தவறில்லை. தெரிவு பிள்ளையின் வலுவிலிருந்து பிறக்கவேண்டும். அச்சத்திலிருந்து பிறக்கலாகாது.

கல்லூரிக்குள் நுழைந்த பின்னர் மூன்றாவது தீர்மானம் வருகிறது. பல்கலைக்கழகங்கள் மாணவரை 'கோட் ஆர்' எனப்படும் தரப்புள்ளி கொண்டு வரிசைப்படுத்துகின்றன. இலங்கையின் இசட் புள்ளியை அறிந்தோருக்கு இது புதிதன்று. பெற்ற புள்ளி எத்தனை என்பதைவிட, வகுப்பின் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு மேலே நிற்கிறார், அவ்வகுப்பு எவ்வளவு திறமையானது என்பனவே கணக்கில் எடுக்கப்படுகின்றன. இசட் புள்ளி இறுதிப் பரீட்சை ஒன்றிலிருந்து பெறப்படுகிறது. தரப்புள்ளியோ முதற் தவணையிலிருந்தே சேரத் தொடங்குகிறது. முதலாண்டில் வாரம் இருபத்தைந்து மணித்தியாலம் வேலை செய்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் படித்துப் பிடித்துவிடலாம் என்று எண்ணும் மாணவர் அந்த இழப்பை முழுமையாக மீட்பது கடினம். குடும்பத்தின் பொருட்சுமையைப் பிள்ளை பகிர்வது பெருமைக்குரியதே. ஆனால் அரச மாணவர் கடனுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்துப் பாராமலே பிள்ளையை இரவு வேலைக்கு அனுப்புவது, சில நூறு டொலருக்காகப் பல ஆண்டுகளை விற்பதாகும். கனடியக் குடியுரிமையாளர், நிரந்தர வதிவிட உரிமையாளர், அகதியாக ஏற்கப்பட்டோர் ஆகியோர் இவ்வுதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

எல்லோரிலும் கடினமான நிலையில் இருப்போர் பதினான்கு முதல் பதினேழு வயதுக்குள் வந்து சேரும் பிள்ளைகள். அவர்கள் முதலில் வரவேற்பு வகுப்பில் பிரெஞ்சு கற்கின்றனர். அவ்வகுப்பு தேவையானது, ஆனால் அங்கே கழியும் காலத்தில் அவர்களுக்குச் சான்றிதழுக்குரிய பாட அலகுகள் சேர்வதில்லை. பதினெட்டு வயதானதும் வளர்ந்தோர் கல்வி நிலையம் ஒன்றே வழியாகிறது. தாயகத்தில் கணிதத்தில் முதல் நிலையில் நின்ற பிள்ளை, வினாவின் மொழி புரியாமையால் பின்வரிசையில் அமர்கிறார். இவர்களுக்குக் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பிரெஞ்சுடன் ஒருசேரக் கற்பிக்கும் ஏற்பாடு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

புகலிடக் கோரிக்கையாளரின் பிள்ளைகளுக்கு மற்றொரு மதிலும் உண்டு. 2017இல் திருத்தப்பட்ட கல்விச் சட்டம், குடிவரவு நிலை எதுவாயினும், பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கல்வியை இலவசமாக உறுதிசெய்தது. அந்த உறுதி பாடசாலை வாசலுடன் நின்றுவிடுகிறது. கோரிக்கை ஏற்கப்படும் வரை அரச மாணவர் உதவி இல்லை. உள்ளூர் மாணவருக்கான கட்டண ஒழுங்கும் பொதுவாகக் கிட்டுவதில்லை. விசாரணை தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் அப்பிள்ளையின் வாழ்விலிருந்து கழிக்கப்படுகிறது. பிரெஞ்சு கற்று, சான்றிதழும் பெற்ற ஒரு பிள்ளையை அரச கோப்பின் தாமதத்துக்காகத் தண்டிப்பது நீதியாகாது.

தமிழ்ச் சமூகம் தன்னிடமே திருத்திக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. மருத்துவம், பொறியியல் தவிர்ந்த யாவும் தாழ்ந்தவை என்ற எண்ணம் பல பிள்ளைகளை முடக்கியிருக்கிறது. வனியர் கல்லூரியின் மூன்றாண்டுத் தாதியர் நெறியும், செஜெப் து சென்ட் லோரன்ட்டின் நீர்த் தொழில்நுட்ப நெறியும் நேராக வேலைக்கு இட்டுச்செல்வன. அத்தகைய நெறிகளை முடித்தோர் விரும்பினால் பின்னர் பல்கலைக்கழகமும் செல்லலாம். காலந்தாழ்த்தி வந்த பிள்ளைக்கு இது இரண்டாந்தர வழியன்று. பல வேளைகளில் இதுவே உறுதியான வழி.

செய்யவேண்டியவை பெரும் பொருட்செலவு கோருபவையல்ல. உயர்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு பெற்றோரும் பாடசாலையிடம் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். அடுத்த ஆண்டு பிள்ளை எந்தக் கணிதப் பிரிவில் சேர்க்கப்படுகிறார்? பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் வழிவிடும் விஞ்ஞானப் பாடம் அதில் உண்டா? எழுத்துப் பிரெஞ்சில் அவருடைய புள்ளி என்ன? மொழி போதாதெனில் மொழிபெயர்க்கக்கூடிய ஒருவரை உடனழைத்துச் செல்லவேண்டும். அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டுவிடலாகாது. பாடசாலையின் கல்வி வழிகாட்டி ஆலோசகரைச் சந்திப்பதற்குப் பிள்ளை தவறு செய்திருக்கவேண்டும் என்பதில்லை.

இதே பாதையைக் கடந்து இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் தமிழ் இளையோர் இச்சமூகத்தின் பெருஞ்செல்வம். மொன்றியல் பகுதியின் பெரும்பாலான செஜெப்களுக்கு இலையுதிர்காலத் தவணைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் மார்ச் 1. பாடத்தெரிவுப் படிவங்களும் குளிர்காலத்திலேயே வீடு வருகின்றன. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கலை ஒட்டி, ஆலய மண்டபத்திலோ சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையிலோ ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, மூன்றாம் ஆண்டுப் பெற்றோருக்கு இவ்விளக்கத்தைத் தமிழில் வழங்க அவர்களால் இயலும்.

பிரெஞ்சுக்காகத் தமிழை வீட்டிலிருந்து வெளியேற்றவும் தேவையில்லை. தாய்மொழியில் பெற்ற ஆழ்ந்த எழுத்தறிவு மற்றொரு மொழியைக் கற்கத் துணைநிற்கும் என்பதை ரொறன்ரோ பல்கலைக்கழகக் கல்வியியலாளர் ஜிம் கமின்ஸ் 1979 முதலே வலியுறுத்திவந்தார். தமிழில் வாசித்துச் சிந்திக்கப் பழகிய பிள்ளை பிரெஞ்சிலும் வாசிக்கப் பழகுவார். எம்மொழியிலும் வாசிக்காத பிள்ளையே எல்லா மொழியிலும் பின்தங்குவார்.

சென்ட் குறுவா வீதியின் இரண்டு கல்லூரிகளில் எது சிறந்தது என்ற விவாதம் தொடரட்டும். அதற்கு முன்னர், இந்தக் குளிர்காலத்தில் வீட்டுக்கு வரப்போகும் பாடத்தெரிவுப் படிவத்தைப் பெற்றோர் ஒருமுறை முழுமையாக வாசித்து, புரியாததைக் கேட்டறிந்து, அதன் பின்னரே கையொப்பமிடவேண்டும்.